எம்பயர் ஸ்டேட்டைப் பார்க்க இனி எங்கே நிற்பது? குறுக்கே வந்த கோபுரமும் மாற்று இடங்களும்

"நியூயார்க்கில் ஒரு நாள்தான் இருக்கிறது, அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம். லெக்சிங்டன் அவென்யூவில் கறி ஹில் பக்கம் தோசை சாப்பிட்டுவிட்டு மேற்கே கொஞ்சம் நடந்தால் மேடிசன் சதுக்கப் பூங்கா. அதன் தென்மேற்கு மூலையில், 23ஆம் தெருவும் பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், உட்கார நாற்காலி போட்டிருக்கும் திறந்தவெளி. தெற்கே திரும்பினால் 1902இல் கட்டிய ஃபிளாட்அயர்ன். வடக்கே திரும்பினால் எம்பயர் ஸ்டேட், முனை வரை. காசு கிடையாது, வரிசை கிடையாது.

அந்தப் பதில் இப்போது செல்லாது. வடக்கே திரும்பினால் அங்கே தெரிவது 262 ஐந்தாம் அவென்யூ என்ற ஒல்லியான குடியிருப்புக் கோபுரம். எம்பயர் ஸ்டேட் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பழைய பயணக் குறிப்புகளையும் பழைய புகைப்படங்களையும் நம்பிப் போகிறவர்கள் அங்கே நின்று தேடுகிறார்கள். எனவே வேறு எங்கே போகலாம், எதற்கு எவ்வளவு செலவு, யாருக்கு எது பொருந்தும் என்று எடைபோட்டுப் பார்ப்போம்.

## அந்தக் கோபுரம் எந்த நிலையில் இருக்கிறது

மாஸ்கோவைச் சேர்ந்த மெகானோம் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு இது. 2017இல் வெளியான திட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் என்றார்கள். பிறகு 860 அடிக்கு, அதாவது சுமார் 262 மீட்டருக்குக் குறைத்தார்கள். 2023இல் கட்டடம் தரைக்கு மேல் எழும்ப ஆரம்பித்தது, 2024இல் கான்கிரீட் உச்சியைத் தொட்டது. கண்ணாடி, வெளிச்சுவர், உள்வேலை எல்லாம் அதன்பிறகு. அவை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மறைப்பது மறைப்பதுதான். "வேலை முடியட்டும், சாரம் பிரித்ததும் தெரியும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. இத்தனை உயரத்தில் இருக்கப்போவது வெறும் 26 வீடுகள்.

எம்பயர் ஸ்டேட் கூரை மட்டத்தில் 381 மீட்டர், ஆன்டெனா முனையோடு 443 மீட்டர். அதைவிட இவ்வளவு குட்டையான கட்டடம் அதை எப்படி முழுதாக மறைக்கும் என்று பலருக்கும் சந்தேகம் வருகிறது. மன்ஹாட்டனில் தெற்கு வடக்காக இருபது தெரு கடந்தால் ஒரு மைல், ஒரு தெருவுக்குச் சுமார் 80 மீட்டர். 23ஆம் தெருவில் நிற்பவருக்கு 29ஆம் தெருவோரம் உள்ள புதுக் கோபுரம் ஏறக்குறைய 480 மீட்டர் தூரம். 33க்கும் 34க்கும் நடுவில் இருக்கும் எம்பயர் ஸ்டேட் ஏறக்குறைய 850 மீட்டர். உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். புதியதற்கு 0.55 வருகிறது. எம்பயர் ஸ்டேட்டுக்குக் கூரைவரை 0.45, ஆன்டெனாவைச் சேர்த்தாலும் 0.52. கண்ணருகே பிடித்த விரல் மலையை மறைப்பது போலத்தான் இது. இரண்டும் ஐந்தாம் அவென்யூவின் மேற்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்றின் பின்னால் ஒன்று சரியாக ஒளிந்துகொள்கிறது.

தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கிட்டே போகப் போக மறைப்பு கூடும், விலகிப் போகப் போகக் குறையும். அதே அவென்யூவில் தெற்கே நடந்தால் 19ஆம் தெரு வாக்கில் கூரை மட்டம் சமமாகும், 14ஆம் தெருவில் உச்சி எட்டிப் பார்க்கும். பூங்காவுக்குள்ளேயே கிழக்கே நகர்ந்து பார்க்கலாம் என்றால் அங்கே 30ஆம் தெரு முனையில் 2019இல் வந்த 277 ஐந்தாம் அவென்யூ நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் துண்டு துண்டாகக் கிடைப்பதுதான் மிச்சம். ஆக, முழுக் கட்டடமும் வேண்டுமென்றால் நன்றாக விலக வேண்டும், இல்லையென்றால் உயரப் போக வேண்டும். விலகினால் இலவசம், உயரப் போனால் டிக்கெட்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், கட்டடம் எவ்வளவு தெரிகிறது. உச்சி மட்டும் தெரிவதும் படிப்படியாகக் குறுகி ஏறும் உடல் முழுதும் தெரிவதும் ஒன்றல்ல. அடுத்தது மொத்தச் செலவு: டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் வரி, பதிவுக் கட்டணம், மாலை நேரக் கூடுதல் கட்டணம், உள்ளே விற்கும் கூடுதல் அனுபவங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது வானிலை. மேகம் இறங்கிவிட்டால் எந்த உயர்ந்த தளத்திலும் வெள்ளைத் திரைதான், பெரும்பாலான டிக்கெட்டுகளுக்குப் பணமும் திரும்பாது. நான்காவது வெளிச்சம், அதாவது சூரியன் நமக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது. ஐந்தாவது, கூட வருகிறவர்களின் முழங்காலும் தலைசுற்றலும். நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பல நேரம் இந்தக் கடைசி விஷயம்தான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கிறது.

| இடம் | எம்பயர் ஸ்டேட் எப்படித் தெரியும் | செலவு | நல்ல நேரம் | யாருக்குச் சிரமம் |
|---|---|---|---|---|
| டாப் ஆஃப் த ராக் | தெற்கே, நேர் எதிரில், உடல் முழுக்க | ஒருவருக்குச் சுமார் 40 டாலரில் தொடக்கம் | மாலை, விளக்கு ஏற்றும் நேரம் | குளிர்காலக் காற்று தாங்காதவர்களுக்கு |
| சம்மிட், ஒன் வாண்டர்பில்ட் | தெற்கே, மிக அருகில், கண்ணாடி வழியே | ஏறக்குறைய அதே | காலை, மாலை | தலைசுற்றல் உள்ளவர்கள், புடவை கட்டியவர்கள் |
| எட்ஜ், ஹட்சன் யார்ட்ஸ் | கிழக்கே, மேற்கு முகம் | ஏறக்குறைய அதே | பிற்பகல் முதல் சூரியன் மறையும்வரை | உயரத்துக்குப் பயந்தவர்கள் |
| எம்பயர் ஸ்டேட் 86ஆம் மாடி | தெரியாது, நாமே அதன் மேல் | 40 டாலருக்கு மேல் | இரவு பத்து மணிக்கு மேல் | வரிசையில் நிற்க முடியாதவர்கள் |
| காண்ட்ரி பிளாசா, குயின்ஸ் | ஆற்றுக்கு அப்பால், மேல் பாதி நன்றாக | போக்குவரத்துச் செலவு மட்டும் | காலை | ரயில் நிலையப் படிகள் ஏற முடியாதவர்கள் |
| ஹோபோகன், நியூ ஜெர்சி | ஆற்றுக்கு அப்பால், தொலைவில் | போக்குவரத்துச் செலவு மட்டும் | மாலை | அதிகம் நடக்க முடியாதவர்கள் |
| வாஷிங்டன் தெரு, டம்போ, புரூக்ளின் | மன்ஹாட்டன் பாலத்தின் கால்களுக்கு நடுவே சின்னதாக | போக்குவரத்துச் செலவு மட்டும் | அதிகாலை | கூட்டம் பிடிக்காதவர்கள் |

## டாப் ஆஃப் த ராக்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ராக்ஃபெல்லர் மையத்தில் 67, 69, 70ஆம் மாடிகளில் மூன்று தளங்கள். உச்சித் தளம் சுமார் 850 அடி, அதாவது மறைக்கும் கோபுரத்தின் உயரம்தான் ஏறக்குறைய. ஆனால் இது எம்பயர் ஸ்டேட்டுக்கு வடக்கே, ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெற்கே உள்ள அந்தப் புதுக் கோபுரம் இங்கிருந்து எதையும் மறைக்காது, எம்பயர் ஸ்டேட்டின் பின்னணியில் போய்விடும்.

70ஆம் மாடியில் முகத்துக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. அங்கிருந்து பார்க்கும்போது சுண்ணாம்புக்கல் சுவர் ஒவ்வொரு படியிலும் எப்படி உள்வாங்குகிறது, ஜன்னல்களுக்கு இடையே உலோகப் பட்டைகள் எப்படிக் கீழிருந்து மேல்வரை ஒரே கோடாக ஓடுகின்றன என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். மதிய வெயிலில் அந்தக் கோடுகள் கரைந்துவிடும், ஏனென்றால் தெற்கே பார்க்கும் நம் கண்ணுக்கு நேராகச் சூரியன். சூரியன் மேற்கே இறங்கியபிறகு பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அவை எழுந்து நிற்கும். அப்புறம் விளக்குகள் எரியும். ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்டுக்குத் தனி விலை. அதைத் தவிர்க்க ஒரு மணி நேரம் முன்னதாக ஏறிக் காத்திருக்கலாம், மேலே இருப்பதற்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. இன்னொன்று, இரும்பு உத்தரத்தில் உட்காரவைப்பது, கண்ணாடிக் கூண்டில் தூக்குவது என்று மேலே விற்கும் கூடுதல் அனுபவங்கள். குழந்தைகள் கேட்பார்கள். கீழேயே முடிவு செய்துவிட்டு ஏறுங்கள்.

## சம்மிட்

2021இல் திறந்தது. ஒன் வாண்டர்பில்ட் கோபுரத்தில் 91 முதல் 93 வரையான மாடிகள். 42ஆம் தெரு என்பதால் எம்பயர் ஸ்டேட் இன்னும் கிட்டத்தில், கிழக்கே கிரைஸ்லர் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில். கிரைஸ்லரும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மேற்கே இருந்து பார்த்தால் கிரைஸ்லரை மறைக்கும் கட்டடங்களில் ஒன்றும் இதே ஒன் வாண்டர்பில்ட்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உள்ளே தரை, சுவர், கூரை எல்லாம் நிலைக்கண்ணாடி. இளைஞர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் தரை முழுக்கக் கண்ணாடி என்பதால் புடவை, பாவாடை, கவுன் எதுவும் சரிப்படாது. அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சுடிதாரோ பேண்ட்டோ போட்டுவருவார். கூர்மையான குதிகால் செருப்புக்கும் அனுமதி கிடையாது. தலைசுற்றல் உள்ளவர்களை இங்கே அழைத்துப் போகவே வேண்டாம். பெரும்பகுதி உள்ளே என்பதால் காற்றுக்கும் குளிருக்கும் இது பாதுகாப்பு. ஜனவரியில் வருகிறவர்கள் இதை யோசிக்கலாம். கேமராவில் நல்ல படம் எடுக்க நினைப்பவர்களுக்குக் கண்ணாடிப் பிரதிபலிப்பு தொல்லை கொடுக்கும்.

## எட்ஜ்

2020இல் திறந்த திறந்தவெளித் தளம், 100ஆம் மாடி, 1,131 அடி. எம்பயர் ஸ்டேட் இங்கிருந்து நேர் கிழக்கே. பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் கட்டடத்தின் மேற்கு முகம் பொன்னிறமாகும். வெளிச்சத்துக்காக மட்டும் பார்த்தால் மாலையில் இதுதான் முதலிடம். சாய்ந்த கண்ணாடிச் சுவரும் ஓரிடத்தில் கண்ணாடித் தரையும் உண்டு. பயந்தவர்கள் நடுவில் நின்றுகொள்ளலாம்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. எம்பயர் ஸ்டேட்டுக்கு மேற்கே, பென் ஸ்டேஷனுக்கு எதிரில், ஹோட்டல் பென்சில்வேனியா இருந்த இடத்தில் 1,200 அடிக் கோபுரம் ஒன்றுக்கு 2010லேயே நகர மன்றம் 47க்கு 1 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது. எம்பயர் ஸ்டேட் நிர்வாகம் அப்போது கடுமையாக எதிர்த்தது, எடுபடவில்லை. ஹோட்டலை 2023இல் இடித்து முடித்துவிட்டார்கள், கோபுரம் இன்னும் எழவில்லை. எழுந்தால் மேற்கிலிருந்து பார்க்கும் காட்சிக்கு என்ன ஆகும் என்று 23ஆம் தெருவே காட்டிவிட்டது.

## எம்பயர் ஸ்டேட்டின் மேலேயே

சிலர் ஏமாறுவது இங்கேதான். நியூயார்க்கின் வானவரையில் எம்பயர் ஸ்டேட்டைப் பார்க்க ஆசைப்பட்டு அதன் மேலேயே ஏறினால் எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டடத்தோடு ஒரு பந்தம் இருந்தால் கணக்கே வேறு. 1931 மே 1இல் திறந்த கட்டடம் அது, கட்டி முடிக்க ஒன்றேகால் வருடம்கூட ஆகவில்லை. சின்ன வயதில் பாடப்புத்தகத்திலும் பொது அறிவுப் புத்தகத்திலும் "உலகின் மிக உயரமான கட்டடம்" என்று படித்த தலைமுறைக்கு, அந்த 86ஆம் மாடித் திறந்த தாழ்வாரத்தில் நான்கு பக்கமும் சுற்றிவருவதற்கு இணையாக எதுவும் இல்லை. எழுபது வயது அப்பாவைக் கேளுங்கள். பெரும்பாலும் "அது மேலே ஏறணும்" என்றுதான் சொல்வார். அப்படிச் சொன்னால் வேறு யோசனையே வேண்டாம், அழைத்துப் போங்கள்.

102ஆம் மாடிக்குத் தனிக் காசு. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சின்ன இடம் அது, 86ஆம் மாடியே போதும். இரவு வெகுநேரம் திறந்திருப்பதால் பத்து மணிக்கு மேல் போனால் வரிசை குறையும்.

## இலவச இடங்கள்

காண்ட்ரி பிளாசா மாநிலப் பூங்காவும் அதை ஒட்டிய ஹண்டர்ஸ் பாயிண்ட் சவுத் பூங்காவும் குயின்ஸ் கரையில், கிழக்கு ஆற்றின் ஓரம். மேடிசன் சதுக்கத்தின் இடத்தை நிரப்ப என்னால் சொல்லக்கூடியது இதுதான். ஆறு நடுவில் இருப்பதால் முன்னால் யாரும் கோபுரம் கட்ட முடியாது. அக்கரையில் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது எம்பயர் ஸ்டேட்டின் தலையும் தோளும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். கிரைஸ்லரும் ஐ.நா. தலைமையகமும் அதே பார்வையில் வந்துவிடும். காலையில் கிழக்கு வெயில் கட்டடங்களின் முகத்தில் விழும். மாலையில் சூரியன் அவற்றுக்குப் பின்னால் இறங்கும், வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் விவரம் தெரியாது.

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து 7ஆம் எண் ரயிலில் குயின்ஸின் முதல் நிறுத்தம், வெர்னன் புலவார்டு. படி ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கிழக்கு 34ஆம் தெருவிலிருந்து ஃபெரி நல்லது, ஹண்டர்ஸ் பாயிண்ட் சவுத் அடுத்த துறைதான். போகும் வழியில் ஆற்றின் நடுவிலிருந்தும் ஒரு பார்வை கிடைக்கும், தனி டிக்கெட் இல்லாமல். உட்கார பெஞ்சு உண்டு, குழந்தைகள் ஓட இடம் உண்டு. வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜெர்சி சிட்டி, எடிசன் பக்கம் தங்கியிருப்பவர்கள் ஆற்றைத் தாண்டவே வேண்டாம். ஹோபோகன் கரையில் மாலை நடை போனால் ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் ஹட்சன் யார்ட்ஸ் கட்டடக் கூட்டம் இடது பக்கம், அதற்கு வலது பக்கம் எம்பயர் ஸ்டேட். தூரம் அதிகம், ஆனால் மாலை வெயில் இந்தப் பக்கம்தான் விழும்.

டம்போவில் மன்ஹாட்டன் பாலத்தின் கால்களுக்கு நடுவில் எம்பயர் ஸ்டேட் தெரியும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்துக்காகப் போகலாம். கட்டடத்தைப் பார்ப்பதற்காகப் போனால் ஏமாற்றம்தான், அவ்வளவு சின்னது. காலை எட்டு மணிக்குள் போகாவிட்டால் படத்திலும் உங்களுக்கு முன்னால் வேறு நாலு பேர் நிற்பார்கள்.

## இதில் எது நிலைக்கும்

எம்பயர் ஸ்டேட்டை நியூயார்க் நகரம் 1981இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அந்தப் பாதுகாப்பு கட்டடத்துக்கு மட்டும்தான். அது தெரியவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டடங்கள் பயன்படுத்தாமல் விட்ட உயர உரிமையை விலைக்கு வாங்கினால் இருக்கும் விதிகளின்படியே இப்படியொரு ஒல்லிக் கோபுரத்தை எழுப்பிவிடலாம். காட்சிக்காகவே நகரம் தனி மண்டலம் வகுத்துப் பாதுகாப்பது ஒரே இடத்தில்: புரூக்ளின் ஹைட்ஸ் நடைபாதையிலிருந்து தெரியும் காட்சி, 1974 முதல். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைப் பல மைல் தள்ளியிருந்து பார்க்கும் கோட்டைக்கூடத் திட்டக் கொள்கையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நியூயார்க்குக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 23ஆம் தெருவில் போன காட்சி, டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களும் வேலை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் தினமும் பார்த்தது. 26 வீடுகளுக்காக அதை விட்டுக்கொடுத்தது அநியாயம்.

சரி, உங்கள் முடிவுக்கு வருவோம். ஒரு முறைதான் வருகிறீர்கள், வானம் தெளிவு, பணம் பரவாயில்லை என்றால் டாப் ஆஃப் த ராக், மாலை. கடுங்குளிர் என்றால் சம்மிட். பெரியவர்கள் பெயர் சொல்லிக் கேட்டால் எம்பயர் ஸ்டேட் 86. நாலு பேர் குடும்பம், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் காலை ஃபெரியில் ஹண்டர்ஸ் பாயிண்ட் சவுத். மிச்சமாகும் 150, 200 டாலரை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு செய்யும் முன் மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அன்றைய காலை வானிலையைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் இலவச இடத்தையே எடுங்கள்.

ஓட்டல் எடுப்பவர்களுக்கு ஒன்று. மேடிசன் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பகுதியில் "எம்பயர் ஸ்டேட் தெரியும் அறை" என்று கூடுதல் வாடகைக்குப் போட்டிருப்பார்கள், மொட்டைமாடி விடுதிகளும் அதையே சொல்லும். 29ஆம் தெருவுக்குத் தெற்கே இருக்கும் எதற்கும் பணம் கட்டும் முன், நீங்கள் தங்கப்போகும் அதே அறையின் ஜன்னலிலிருந்து 2025க்குப் பிறகு எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லை என்றால் சாதாரண அறையே எடுங்கள்.